ஊசி போட ஒரு கை, கையெழுத்துக்கு இன்னொரு கை

வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுக்கச் சென்னை மாநகராட்சி 2025-இல் வைத்த கெடு முதலில் நவம்பர் 24. அது டிசம்பர் 7 ஆனது. பிறகு டிசம்பர் 14 ஆனது. அதற்குப் பிறகு உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். தேதி தள்ளத் தள்ளக் குழப்பமும் வளர்ந்து, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு வந்துவிட்டது. லாஸ்பேட்டை வாசகர்களின் கடிதங்களில் இதே பேச்சு. ஒரு வீட்டில் நாயைச் சென்னையில் இருக்கும் மகளிடம் அனுப்ப வேண்டும். இன்னொரு வீட்டில், இத்தனை நாள் பார்த்துவந்த டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஊர் மாறிவிட்டார். வேறொரு வீட்டில் ஊசி அட்டை பத்திரமாக இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. அது யாருடையது என்பதுதான் தெரியவில்லை. எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்: புதிதாக எந்த டாக்டரிடம் போவது?

எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். லாஸ்பேட்டை இருப்பது உழவர்கரை நகராட்சியில். சென்னையின் உரிம விதி இங்கே வாழும் நாயைத் தொடாது. அங்கே குடியேறப் போகும் நாயைத்தான் தொடும். உரிமக் கட்டணம் 50 ரூபாய். விண்ணப்பத்தோடு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும். சிக்கல் அந்தச் சான்றில்தான் இருக்கிறது.

கடிதங்கள் விவரிக்கும் காட்சி பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கிறது. போன் செய்தால் பையோடு ஒருவர் வீட்டுக்கு வருகிறார். நாய்க்கு வாய்க்கட்டு போட்டு, பின்னந்தொடையில் ஊசி போட்டு, அட்டையை நீட்டுகிறார். அதில் டாக்டரின் முத்திரையும் கையெழுத்தும் முன்கூட்டியே இருக்கின்றன. டாக்டர் வரவில்லை, நாயைப் பார்க்கவும் இல்லை. இது செல்லுமா?

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் 30-ஆவது பிரிவைப் புரட்டிப் பார்த்தால், கெட்டிக்காரத்தனமான ஓர் ஏற்பாடு கண்ணில் படுகிறது. (இது தொடக்கத்திலேயே எல்லா யூனியன் பிரதேசங்களுக்கும் பொருந்தும் என்று எழுதப்பட்ட சட்டம், புதுச்சேரிக்கு விதிவிலக்குத் தேட வேண்டாம்.) பதிவுபெற்ற மருத்துவர் அல்லாத எவரும் கால்நடை மருத்துவம் பார்க்கக் கூடாது என்று பிரிவு கறாராகத் தொடங்குகிறது. அடுத்த மூச்சிலேயே ஒரு கதவைத் திறந்து வைக்கிறது. கால்நடைத் துறையோ கால்நடைக் கல்வி நிறுவனமோ கொடுத்த பட்டயம் அல்லது சான்றிதழ் உள்ள உதவியாளர்கள், பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில், ‘சிறு மருத்துவச் சேவை’ செய்யலாம். அதற்கு மாநில அரசு ஆணை போட்டு அனுமதிக்கலாம். எது சிறு சேவை? காயத்துக்குக் கட்டுப் போடுவது, காயடிப்பது, தடுப்பூசி போடுவது. ஆம், தடுப்பூசியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

ஆனால் சான்றிதழில் கையெழுத்து அந்தப் பட்டியலில் இல்லை. சட்டப்படி கேட்கப்படும் எந்தச் சான்றிலும் பதிவுபெற்ற மருத்துவர் மட்டுமே கையெழுத்திட முடியும். ஆக, ஒரே ஊசியைச் சட்டம் இரண்டாகப் பிரித்துவிடுகிறது. குத்தும் வேலையை இன்னொருவரிடம் விடலாம். குத்தியாயிற்று என்று உறுதி கூறும் வேலையை விட முடியாது. தன் கண்ணால் பார்க்காத ஒன்றுக்கு ஒருவர் கையெழுத்திடுவது என்ற நிலைமை சட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இதைத் தாங்கி நிற்க வேண்டிய சொல் ‘மேற்பார்வை’. அது எத்தனை அடி தூரத்திலிருந்து, போனிலா நேரிலா, ஊசிக்கு முன்பா பின்பா என்று சட்டத்தில் விளக்கம் கிடையாது. அதிகாரிகளின் பேச்சில் மேற்பார்வை என்றால் பெரும்பாலும் பொறுப்பு டாக்டருடையது என்று பொருள். பக்கத்தில் நின்று பார்த்தார் என்று பொருள் இல்லை.

சட்டம் எழுதியவர்களை இதற்காகத் திட்ட முடியாது. அவர்கள் மனதில் இருந்தது மாடு. ஒரு டாக்டருக்குப் பல ஊர்கள், ஒவ்வொரு ஊரிலும் நூற்றுக்கணக்கில் மாடுகள். வெக்கை நோயை உலகத்திலிருந்தே ஒழித்தாயிற்று என்று 2011-இல் அறிவித்தார்களே, அந்த வெற்றி ஊர் ஊராக நடந்த ஊசியாளர்களின் கால்களுக்கும் சொந்தம். பிரெஞ்சு வாடை போகாத ஊரில் இருந்துகொண்டு இதையும் சொல்லாமல் விட முடியவில்லை: உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761-இல் லியோன் நகரில் நிறுவப்பட்டதற்கு ஒரு முக்கியக் காரணம் இதே வெக்கை நோய்தான். மாட்டுத் தொழுவத்தில் நியாயமாக இருந்த அந்தச் சலுகை, லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் காலை நடை போகும் லாப்ரடாருக்கும் அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. இங்கே டாக்டருக்குப் பஞ்சமும் இல்லை, கூப்பிடு தூரத்தில் கிளினிக்கும் உண்டு. வசதிக்காகத்தான் பையோடு ஆள் வருகிறார். அவரிடம் அந்தப் பட்டயமாவது இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

அந்தப் பையும் முக்கியம். ரேபிஸ் தடுப்பூசிக் குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது. மே மாத மதியத்தில் ஸ்கூட்டரின் முன்பக்கம் தொங்கும் பைக்குள் ஐஸ் கட்டி இருக்கிறதா என்று எந்த அட்டையும் சொல்லாது.

ஆகவே புது டாக்டரைத் தேடுகிறவர்கள் நட்சத்திர மதிப்பீடுகளை ஓரம் கட்டிவிட்டு, முதல் முறை போகும்போதே கேட்க வேண்டியவை வேறு. அவருடைய கவுன்சில் பதிவு எண் என்ன? சீட்டிலும் சான்றிலும் அதை எழுதுகிறாரா? ஊசியை அவரே போடுகிறாரா, உதவியாளர் போட்டால் டாக்டரும் அறையில் இருக்கிறாரா? குப்பியை ஃபிரிட்ஜிலிருந்து உங்கள் எதிரில் எடுக்கிறாரா? குப்பியில் உரித்தெடுக்கும் லேபிள் இருந்தால், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள அதை உடனே அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் எண்ணைக் கையால் எழுதச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் டாக்டரிடம் இரண்டாம் முறை போக வேண்டிய அவசியம் இல்லை. பெயரும் பதிவு எண்ணும் இல்லாமல் கிறுக்கல் மட்டும் உள்ள பழைய அட்டையை நம்பிச் சென்னைக்குக் கிளம்பவும் வேண்டாம். புது டாக்டர் நாயைப் பரிசோதித்து, மறுபடி ஊசி போட்டுச் சான்று தருவதே சுத்தம்.

யாரையும் தெரியாதவர்களுக்கு, 1994-இல் தொடங்கப்பட்ட குரும்பாபேட்டை ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. போதனா மருத்துவமனை என்பதால் ஒவ்வொரு முறையும் ஒரே முகத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் மாணவர் கையில் ஊசி, பக்கத்தில் ஆசிரியர் என்பதுதான் கற்பிக்கும் முறையே. மேற்பார்வை என்ற சொல்லுக்கு அங்கே கொஞ்சம் உயிர் இருக்கிறது. பெரியவர்கள் ‘மாட்டு ஆஸ்பத்திரி’ என்று ஒதுக்கும் அரசு கால்நடை மருத்துவமனையிலும் நாய் பார்ப்பார்கள்.

மற்ற கேள்விகள் சுருக்கமாக.

தமிழ்நாட்டில் பதிவான டாக்டரின் கையெழுத்து புதுச்சேரியில் செல்லுமா? இந்தியக் கால்நடை மருத்துவர் பதிவேட்டில் பெயர் இருந்தால் நாடு முழுவதும் செல்லும்.

மைக்ரோசிப் வைத்தால் காணாமல் போன நாய் எங்கே என்று தெரியுமா? தெரியாது, அதில் இருப்பது 15 இலக்க எண், அதுவும் ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான்.

பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசி வளர்ந்த நாய்க்கு ஆண்டுதோறும் தேவையா? டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ மூன்றுக்கும் மூன்றாண்டுக்கு முன் மறு ஊசி வேண்டாம் என்கிறது உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி. எலிக்காய்ச்சல் பகுதிக்குத்தான் ஆண்டுக் கணக்கு. ஏன் எல்லாவற்றையும் போடுகிறீர்கள் என்று டாக்டரைக் கேளுங்கள்.

ஊசி போட்ட நாய் கடித்தால்? காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவி அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாயின் அட்டை மனிதருக்கான ஊசிக்கு மாற்று ஆகாது.

உண்ணிக் காய்ச்சலுக்குப் பழைய டாக்டர் கொடுத்த மாத்திரை பாதியில் நிற்கிறதே? டாக்ஸிசைக்ளின் என்றால் வழக்கமாக 28 நாள். மிச்சப் பட்டையையும், பிளேட்லெட் எண்ணிக்கை உள்ள ரத்தப் பரிசோதனைத் தாளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே புது டாக்டரைப் பாருங்கள்.