சிரங்கு ஆறிய பிறகு முகம் வீங்கினால்



காலையில் எழும்போது பிள்ளையின் கண் இமையும் முகமும் உப்பியிருக்கிறது. "பிள்ளை கொஞ்சம் சதை போட்டிருக்கு" என்று பாட்டி சந்தோஷப்படுகிறார். மூத்திரமோ குறைவாக, டீத்தண்ணி நிறத்தில் போகிறது. அது சதையல்ல, நீர். சிறுநீரகத்தில் அழற்சி கண்டிருக்கலாம்.

சில வாரங்களுக்கு முன் அந்தப் பிள்ளைக்குக் காலில் சீழ்ச்சிரங்கோ, தொண்டைப் புண்ணோ இருந்ததா? நினைத்துப் பாருங்கள். "அதுதான் ஆறிப்போச்சே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்பீர்கள். சம்பந்தம் உண்டு.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியை எதிர்க்க உடம்பே ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறது. நல்லதுதான். ஆனால் சில பிள்ளைகளுக்குக் கிருமியின் துணுக்குகளும் எதிர்ப்புப் பொருளும் ஒட்டிக்கொண்டு சிறுநீரகத்தில் படிந்துவிடும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. படிந்ததைத் தாக்க வெள்ளை அணுக்கள் கூடுகின்றன. திருடனுக்கு ஓங்கிய அடி வீட்டுச் சுவரில் விழுந்த கதையாக, வடிகட்டியே புண்படுகிறது. ரத்தம் கசிகிறது; உப்பும் நீரும் உடம்பில் தங்குகின்றன. இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். அதனால்தான் தொண்டைப் புண்ணுக்குப் பின் 1 முதல் 3 வாரத்திலும், சிரங்குக்குப் பின் 3 முதல் 6 வாரத்திலும் வீக்கம் தெரிகிறது.

பெரும்பாலான பிள்ளைகள் பூரண குணமடைவார்கள். ஆனால் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பும் மூச்சுத்திணறலும் வரக்கூடும். ஆகவே மந்திரித்துப் பார்க்கலாம் என்று காத்திராமல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். டாக்டர் சொல்லும்வரை உப்பைக் குறையுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம். எவ்வளவு தண்ணீர் தரலாம் என்பதையும் அவரே சொல்லட்டும். பென்சிலின் கொடுத்தால், அது மிச்சமுள்ள கிருமியைக் கொல்லுமே தவிர, படிந்ததை எடுக்காது. அது மெல்லத் தானே ஆற வேண்டும். வீக்கம் வடிந்த பின்பும் சில மாதம் மூத்திரப் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள்; தவறாமல் போங்கள்.

சீழ்க்கிருமி நுழைவது பெரும்பாலும் சொறிந்த இடத்தில்தான். வீட்டில் ஒருவருக்குச் சொறி என்றால் எல்லோரும் ஒரே நாளில் மருந்து தடவ வேண்டும். பிள்ளைக்கு மட்டும் தடவினால், ஒரே பாயில் படுக்கும்போது திரும்ப ஒட்டிக்கொள்ளும். "எனக்கு ஒண்ணும் அரிக்கலையே" என்று நழுவுவது வீட்டுக்காரர்தான். அவரையும் விடாதீர்கள், அம்மா! ராத்திரி கழுத்திலிருந்து பாதம் வரை, விரல் இடுக்கு விடாமல் தடவி, காலையில் குளியுங்கள். உடுத்திய துணியையும் போர்வையையும் வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் காயப்போடுங்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் எந்த மருந்து என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.