வட்டார வழக்கும் காது கேளாத பிள்ளையின் மொழியும்

யாழ்ப்பாணத் தீவகத்தில், வேலணைத்தீவின் சுருவிலில் பிறக்கும் பிள்ளையின் காதில் முதலில் விழுவது தீவகத்துப் பேச்சு. "இஞ்சை வா", "உதை எடு", "பேந்து தாறன்", "அவை வருகினம்" என்று வீட்டில் புழங்குவதைக் கேட்டே அது கதைக்கத் தொடங்குகிறது. தொலைக்காட்சியின் தமிழ்நாட்டுப் பேச்சும் பாடப்புத்தக நடையும் பின்னால் வந்து சேரும்போது, நன்றாகக் கேட்கும் பிள்ளை எதையும் குழப்பிக்கொள்வதில்லை. யாரிடம் எப்படிப் பேசுவது என்பதைத் தானாகவே பிரித்தறிந்துகொள்கிறது. காது மந்தமான பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. அதற்குச் சொற்கள் அரைகுறையாகத்தான் வந்து சேர்கின்றன. ஒரே சொல் இஞ்சை, இங்க, இங்கே என மூன்று வடிவில் வந்தால், மூன்றும் ஒன்றே என்று தெரிந்துகொள்ளவே அதற்கு நெடுநாள் பிடிக்கும்.

உதட்டசைவைப் பார்த்து ஈடுசெய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பணம், மணம், படம், மடம் என்ற நான்கையும் குரல் இல்லாமல் சொல்லிப் பார்த்தால் உண்மை விளங்கும். உதட்டில் நான்கும் ஒன்றுதான். ககரம் தொண்டைப் பக்கத்திலும் டகர, ணகர, ளகரங்கள் நாக்கை உள்ளே மடித்தும் பிறப்பதால் கண்ணுக்கு அகப்படுவதில்லை. தமிழின் இலக்கணமோ சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'மாமாவை', 'மாமாவுக்கு', 'மாமாவோடை' என்பவற்றின் வேறுபாடெல்லாம் மெல்ல ஒலிக்கும் விகுதியில்தான். அந்த விகுதியைக் கேளாத பிள்ளை சொற்களை அடுக்கும், வாக்கியம் அமைக்காது.

இத்தகைய பிள்ளையின் பேச்சைக் கணிப்பதில் இரண்டு தவறுகள் நேர்கின்றன. முதலாவது, வட்டார வழக்கைக் குறைபாடாகக் கணிப்பது. யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. 'பளம்' என்று சொல்லும் பிள்ளை தன் தாயைப் போலத்தான் சொல்கிறது. ழகரம் வராததை உச்சரிப்புக் கோளாறு என்று குறித்தால் தீவகம் முழுவதுமே கிளினிக்கில் வரிசையில் நிற்கவேண்டிவரும். தமிழ்நாட்டில் ஆக்கிய படஅட்டைகளைக் கொண்டு சோதிக்கும்போதும் இதே சிக்கல்தான். சோப்பு, பேனா, ஜன்னல் என்று விடை எதிர்பார்க்கும் அட்டைக்கு இந்தப் பிள்ளை சவுக்காரம், பேனை, யன்னல் என்றே சொல்லும். அமெரிக்காவின் பேச்சு, கேட்டல் வல்லுநர் சங்கம் 1983இலேயே ஆங்கிலத்தின் கிளைமொழி எதுவும் பேச்சுக் கோளாறு ஆகாது என்று அறிவித்திருந்தது. சோதிக்கிறவர் இலங்கையின் வேறு பகுதியைச் சேர்ந்தவராகவோ தமிழை இரண்டாம் மொழியாகக் கற்றவராகவோ இருந்தால், "எங்கட வீட்டில் இதை இப்படித்தான் சொல்லுவம்" என்று பெற்றோரே எடுத்துச் சொல்லவேண்டும்.

இரண்டாவது தவறு இதைவிட ஆபத்தானது: உண்மையான கேட்டல் குறையை "தேப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று ஒதுக்கிவிடுவது. காது கேளாத கைக்குழந்தையும் முதல் மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே குரல் எழுப்பும். அதைக் கண்டு பலர் ஏமாந்துபோகிறார்கள். ஆறு மாதமளவில் சத்தம் வந்த பக்கம் தலை திரும்பவேண்டும், ஒரு வயதையொட்டி முதற்சொல் வரவேண்டும், இரண்டு வயதில் இரு சொற்கள் சேரவேண்டும். பல நாடுகளில் பின்பற்றப்படும் கணக்கு இது: பிறந்து ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் உதவி. உள்காதின் எதிரொலியை அளக்கும் சோதனைக்கும் மூளைத்தண்டின் துலங்கலை அளக்கும் சோதனைக்கும் குழந்தை பேசத் தெரிந்திருக்கவேண்டியதில்லை, தூங்கினாலே போதும். ஆகவே "கொஞ்சம் வளரட்டும்" என்ற பேச்சுக்கு இடமில்லை. குறைப்பிரசவம், கடும் மஞ்சட்காமாலை, மூளைக்காய்ச்சல், கர்ப்பகாலத்து ருபெல்லா, குடும்பத்தில் காது கேளாமை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

கேட்டல் கருவி பொருத்தியவுடன் மொழி வந்துவிடுவதில்லை. பக்கத்திலிருந்து பேசும் குரலுக்கே அது நன்றாக உதவும். தூரத்துப் பேச்சோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். காது வளர வளர, கருவியைக் காதில் பொருத்தும் அச்சை மாற்றவேண்டும். தீவகத்தின் ஈர உப்புக்காற்று கருவிக்குப் பகை என்பதால், இரவில் ஈரமுறிஞ்சும் மணிகள் இட்ட டப்பியில் வைப்பது நல்லது. வீட்டில் எந்தத் தமிழ் இயல்பாக வருகிறதோ அதிலேயே நாள் முழுவதும் கதைக்கவேண்டும். பிள்ளைக்காக எழுத்துத் தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ மாறும் தாய், தனக்கே சரளமில்லாத மொழியில் குறைவாகத்தான் பேசுவாள்.

சைகை மொழி பேச்சைக் கெடுக்கும் என்ற அச்சம் பழையது. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு பள்ளிகளிலிருந்து சைகையை விலக்கத் தீர்மானித்தது. 2010இல் வான்கூவரில் கூடிய அதே தொடரின் மாநாடு அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் பரம்பரைக் காது கேளாமை மிகுந்திருந்த காலத்தில், கேட்கும் ஊராரும் சைகையில் பேசினார்கள். காது கேளாதோர் அங்கே மணம் முடித்தார்கள், மீன் பிடித்தார்கள், ஊர்க் கூட்டங்களில் பங்கெடுத்தார்கள். சைகைக்கும் வட்டார வழக்கு உண்டு. தமிழ்ப் பிள்ளைகளுக்காக 1956இல் தொடங்கிய கைதடி நஃபீல்ட் பாடசாலையில் பழகும் சைகையும் வீட்டார் தாமாக உண்டாக்கிய சைகையும் ஒன்றாக இருக்காது. பாடசாலைச் சைகையைப் பெற்றோரும் கூடப்பிறந்தவர்களும் கற்றுக்கொண்டால்தான், லீவுக்கு வீடு வரும் பிள்ளைக்குக் கதைக்க ஆள் இருக்கும்.

பிள்ளைக்குள்ள உரிமைகள் சட்டத்தில் தெளிவாகவே உள்ளன. இலங்கை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை தேசிய மொழி எதிலும் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, இயலாமையைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்ட முடியாது. காட்டினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். இயலாமையுள்ளோரின் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐ.நா. சமவாயம், சைகை மொழியைக் கற்க வசதி செய்வதை அரசின் கடமை என்கிறது. அந்தச் சமவாயத்தை நேரடியாக நீதிமன்றத்தில் அமுல்படுத்த முடியாது என்பது அதன் பலவீனம்.

நடைமுறையில் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லவேண்டும். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் ஐயத்தை எழுதச் சொல்லி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலை வழியாகவோ நேராகவோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போகலாம். நெடுந்தீவு, நயினாதீவுப் பெற்றோர் குறிகாட்டுவான் படகையும் நம்பியிருப்பதால், ஒரே நாளில் பல சோதனைகளுக்குத் தவணை கேட்பது நியாயமே. பாடசாலை விடயங்களுக்குத் தீவக வலயக் கல்வி அலுவலகத்தையும், கருவிக்கான உதவிக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரையும் எழுத்தில் அணுகவேண்டும். வாய்ச்சொல்லுக்குச் சாட்சி இல்லை. சோதனை அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி வைக்கவேண்டும். மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரச நிறுவனம் ஒன்று சமத்துவ உரிமையை மீறினால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.