இரண்டு சீட்டுகளும் ஒரு வயிறும்

வலிக்கு மாத்திரை உண்பது குற்றமன்று. மனச்சோர்வுக்கு மருந்துண்பது அவமானமுமன்று. ஆனால் இவ்விரண்டும் எவருக்கும் தெரியாமல் ஒரே வயிற்றில் சென்று சேர்வதில் பெரும் அபாயம் இருக்கிறது. நம் ஜனங்களிடையே இதைப் பற்றிய பேச்சே எழவில்லை.

தருமபுரி ஜில்லா பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாவிலுள்ள பொம்மிடியை எடுத்துக்கொள்வோம். சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையேயுள்ள ரயில் பாதையில் அமைந்த ஊர். சுற்றுப்புறத்தில் நிலத்தில் பாடுபட்டும் பாரம் சுமந்தும் பிழைப்போர் பலர். நாள் முழுதும் குனிந்து நிமிர்கிறவனுக்கு இடுப்பும் முழங்காலும் வலிக்காமலிருக்குமா? ஒரு நாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதைவிட, மருந்துக் கடையில் “உடம்பு வலிக்கு ஒரு செட்டு கொடுங்க, அண்ணா” என்று கேட்பது அவனுக்கு எளிது. தமிழ்நாட்டில் இது நெடுநாளையப் பழக்கம். சிறு காகித உறையில் மூன்று நான்கு உதிரி மாத்திரைகள் வரும். அவற்றின் பெயர் வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதே வீட்டில் மனைவியோ தாயோ உறக்கமின்றி மாதக்கணக்கில் வருந்தி, சேலத்திலோ தருமபுரியிலோ மனநோய் வைத்தியரைக் கண்டு மருந்துண்டு வரலாம். அந்தச் சீட்டை உள்ளூரில் எவரிடமும் காட்டமாட்டார்கள். “பைத்தியத்துக்கு மாத்திரை தின்கிறாள்” என்ற ஊர்ப் பேச்சுக்கு அவ்வளவு அச்சம்! முழங்கால் வலி வந்தால் அவளுக்கும் அதே செட்டு மாத்திரைதான்.

அந்த உறையில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. புளுஆக்ஸிடின், செர்ட்ராலின், எஸ்சிடாலோப்ராம் முதலிய மனச்சோர்வு மருந்துகள், நரம்புகளின் இடையே ஸெரோடோனின் என்னும் வஸ்துவை மிகுதியாக நிற்கச் செய்கின்றன. அபினி வகையைச் சேர்ந்த டிரமடால் என்னும் வலிமருந்தும் அதே காரியத்தைச் செய்கிறது. இரண்டும் கூடி அளவு மீறினால் உடல் நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், தசைகள் துடிக்கும், ஜுரம் ஏறிப் புத்தி தடுமாறும். வலிப்பும் வரக்கூடும். பெரும்பாலும் புது மருந்து தொடங்கிய, அல்லது அளவைக் கூட்டிய ஒரு நாளுக்குள் இவை தோன்றும். விஷ ஜுரமென்று எண்ணி ஏமாற இடமுண்டு. இதில் ஒரு விபரீதம்: புளுஆக்ஸிடின், பரோக்ஸிடின் இரண்டும், ஈரல் டிரமடாலைப் பக்குவப்படுத்தி வலிமை பெறச் செய்வதைத் தடுக்கின்றன. ஆகவே வலியும் சரியாகத் தணியாது. தணியவில்லையென்று நோயாளி இன்னொரு மாத்திரையை விழுங்குவார்!

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1984-ம் வருஷம் மார்ச்சு மாதம் நியூயார்க் நகரில் லிபி ஸயன் என்ற 18 வயதுப் பெண் ஜுரமும் நடுக்கமுமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். அவள் ஃபெனல்ஸின் என்னும் மனச்சோர்வு மருந்து உண்டு வந்தவள். நடுக்கத்தை அடக்க அவளுக்குப் பெத்திடின் என்னும் வலிமருந்து ஊசி போடப்பட்டது. மறுநாள் காலை அவள் உயிருடன் இல்லை. அவ்விரு மருந்துகளும் சேர்ந்ததே காரணமென்று பின்னர் வைத்தியர் பலர் கருதினர். பத்திரிகையாளரான தந்தை ஸிட்னி ஸயன் சும்மா இருக்கவில்லை, வழக்காடினார், எழுதினார். பயிற்சி வைத்தியர்களை வாரத்துக்கு 80 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாதென்று 1989-ல் அந்த ராஜ்யத்தில் விதி பிறந்தது. பெரிய நகரத்தில், பெயர்பெற்ற ஆஸ்பத்திரியில், நோயாளியின் மருந்து தெரிந்திருந்தும் நேர்ந்த கதி இது. பொம்மிடியில் சீட்டை ஒளித்து வைத்திருக்கும் ஸ்திரீயின் கதியை வாசகர்களே ஊகிக்கலாம்.

நிற்க. டிரமடாலைத் தவிர்த்துவிட்டால் கவலையில்லை என்பாரும் உளர். அதுவும் சரியன்று. ரத்தம் உறைவதற்கு அதிலுள்ள தட்டணுக்களுக்கு ஸெரோடோனின் வேண்டும். மேற்சொன்ன மனச்சோர்வு மருந்துகள் அதைக் குறைத்துவிடுகின்றன. டைக்ளோஃபினாக், ஐப்ரூஃபன் போன்றவையோ இரைப்பையின் உட்புறத்தைப் புண்ணாக்குகின்றன. இரண்டும் சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு மிகுகிறது. மலம் கறுத்துப்போவது அதன் அறிகுறி. தென் கொரியாவில் நாற்பது லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் குறிப்புகளை ஆராய்ந்து 2015-ல் வெளியான ஆராய்ச்சியில், இவ்வகை மருந்துகளைச் சேர்த்து உண்டவர்களுக்கு முதல் முப்பது நாட்களில் மண்டையோட்டினுள் ரத்தக்கசிவு அதிகம் காணப்பட்டது. சாராயமும் சேர்ந்தால் கேட்பானேன்! பாராசிட்டமால், வைத்தியர் சொன்ன அளவுக்குள், இவ்வகையில் பெரும்பாலும் தொல்லை குறைந்தது.

சட்டம் இல்லையா? உண்டு. டிரமடால் சீட்டின்றி விற்கத்தக்கதன்று. வாங்கியவர், எழுதிய வைத்தியர் பெயர்களைக் கடைக்காரர் தனிப் புஸ்தகத்தில் பதிந்து மூன்று வருஷம் காக்க வேண்டும். 2018-ல் அது போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் கொண்டுவரப்பட்டது. ஆனால் அந்தப் புஸ்தகம் ஒரு மருந்தை மட்டுமே காண்கிறது. அதே மனிதர் வேறெங்கோ வாங்கும் இரண்டாவது மருந்தைக் காண்பதில்லை. நரம்பு வலிக்கென்று எழுதப்படும் அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மருந்தே என்பதும் உண்போர் பலருக்குத் தெரியாது.

இதைப் படித்து அஞ்சி எவரும் மனச்சோர்வு மருந்தைத் திடீரென நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். மேலும் புளுஆக்ஸிடின் போன்றது நிறுத்திய பின்னும் ஐந்து வாரம் வரை உடலில் தங்கும்; ஆகவே “நேற்றே விட்டுவிட்டேன்” என்பது பாதுகாப்பாகாது. செய்யவேண்டியது, இரண்டு சீட்டுகளையும் ஒரே பையில் வைத்து இரண்டு வைத்தியர்களிடமும் காட்டுவதே.

ஊர்தோறும் வேலை செய்யும் அன்பர்களுக்கும் சர்க்காருக்கும் ஒரு யோசனை. 2021 ஆகஸ்டு 5-ல் கிருஷ்ணகிரி ஜில்லாவில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டு, சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே வந்தன. அவ்வாறு வீடு செல்லும் ஊழியர், சாவடியில் நாலு பேர் நடுவில் அல்லாமல், வீட்டினுள் அமர்ந்து, “அம்மா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், சர்க்காருக்குக் காலணா அதிகச் செலவில்லை.