ஏவல் வினையும் எழுத்து விளையாட்டும்

மண்டூர் முதலிய மட்டக்களப்பு ஊர்களுக்குக் கதைக்குள் புகுந்து ஆடுதல் புதிதன்று. வடமோடி, தென்மோடிக் கூத்துக்களில் பாரதம் ஏட்டினின்றும் களரிக்கு வந்துவிடுகின்றது. எனினும் கர்ணனாக ஆடுபவர் கதையைத் தம் விருப்பப்படி மாற்ற இயலாது. விடியுமுன் கர்ணன் வீழ்ந்தே ஆகவேண்டும். வாசகரே கதைத் தலைவராகி, அவர் எழுதும் ஏவலின்படி கதை நடந்தால் எப்படியிருக்கும்? கணினியில் எழுந்த எழுத்து விளையாட்டு இவ்வினாவுக்கு ஒரு விடையாகும்.

டோல்கீன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1937இல் வெளியிட்ட அற்புத நாவல் 'தி ஹாபிட்'. அது 1982இல் இத்தகைய விளையாட்டாயிற்று. மெல்பேர்ண் நகரத்துப் பீம் சொப்ட்வெயர் நிறுவனத்துக்காக அதனை ஆக்கியோருள் முதன்மையானோர் வெரோனிக்கா மெக்லர், பிலிப் மிச்சல் என்னும் மாணவர் இருவராவர். 48 கிலோபைட்டு நினைவகமே கொண்ட சிறு கணினியிலும் அஃது இயங்கியது. சிற்சில இடங்களில் ஓவியம் தோன்றினும், கதையை நடத்துவது சொல்லே. நிற்கும் இடத்தைத் திரை வருணிக்கும். கதவைத் திறக்கவோ கிழக்கே செல்லவோ ஆடுபவர் எழுத்தால் ஏவுதல் வேண்டும்.

உடன்வரும் பாத்திரங்களோ வெறும் பொம்மைகள் அல்லர். நாம் வாளாவிருப்பினும் தம்போக்கில் திரிவர்; இட்ட ஏவலை மறுப்பதும் உண்டு. ஆபத்து வேளையிலும் தோரின் என்னும் குள்ளர் தலைவன் அமர்ந்து பொன்னைப் பற்றிப் பாடத் தொடங்கிவிடுவான்! இதனால் நாவல் வேண்டாததாயிற்றோ எனின், அன்று. விளையாட்டுடன் நூற்பிரதி ஒன்றையும் சேர்த்தே விற்றனர். பகலொளி பட்டால் பூதங்கள் கல்லாகும் என்பதை நூலில் படித்தவர் விடியும்வரை ஒதுங்கியிருப்பார். படியாதவர் அவற்றுக்கு இரையாவார். ஊன்றிப் படித்தலே அங்கு உயிர்காக்கும் துணை.

இதனைத் தமிழில் ஆக்குதல் கூடுமா? நம் மொழியில் வினைப்பகுதியே ஏவலாகவும் நிற்கும். நன்னூலார் 23 ஈறுகளுக்கு வினைப்பகுதிகளைக் காட்டுமிடத்தும் ஏவல் வடிவிலேயே காட்டினார். ஆகவே வினை எளிது; இடர்ப்பாடு பெயரில் உள்ளது. 'வாளை எடு' என்று ஆடுபவர் எழுதினால், அது வாள் என்னும் பெயர் ஐயுருபு ஏற்றதா, வாளை என்னும் மீனா? வாவிக்கரைச் சிறுவன் இடம்நோக்கிப் பொருள் கொள்வான். கணினிக்கோ வேற்றுமையையும், அவ்விடத்தில் கிடக்கும் பொருள்கள் எவை என்பதையும் நாமே கற்பித்தல் வேண்டும். கற்பிக்க முனையும் மாணவர், பரீட்சைக்காக மனனஞ்செய்த இலக்கணத்தை அன்று உண்மையாகக் கற்பார்.

கதைக்குப் பஞ்சமில்லை. மண்டூர்ப் பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் தந்த 'மட்டக்களப்புத் தமிழகம்' இம்மண்ணின் செல்வங்களை நமக்குக் காட்டிற்று. அவற்றை அடுத்த தலைமுறையின் கையில் சேர்க்க இஃதும் ஒரு வழியன்றோ? தமிழாசிரியரும் கணினி பயிலும் மாணவரும் கூடி, பாரதத்தில் யட்சன் காத்த பொய்கையையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஓர் இடம், ஐந்து சகோதரர், சில வினைகள், அவ்வளவே போதும். 'நீரைக் குடி' என்று விரைந்து எழுதுபவர் தம்பியரைப்போல் வீழ்வார். வினாவுக்கு விடை எழுதுபவர் அவர்களை மீட்பார்.