கருப்பை வாய்ப் புற்றுநோய்: சோதனையும் பதிவேடும்

யாதொரு உபாதையும் இல்லாத ஒரு மாதைச் சோதனைக்கு அழைப்பது எளிதன்று. "எனக்கு என்ன நோய்?" என்றுதான் அவர் முதலில் வினவுவார். புனேயை அடுத்த ஆகுர்டியின் தொழிலாளர் குடியிருப்பாயினும், திண்டுக்கல் ஜில்லாவின் சிற்றூராயினும், இக்கேள்விக்கு விடை கூற வேண்டியவர் சுகாதார ஊழியரே.

கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தால், மாறுதலுற்ற திசு வெண்மையாகத் தோன்றும். இதற்குச் சோதனைச்சாலை தேவையில்லை. 2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல்லில் தொடங்கிய ஆராய்ச்சியில் பயிற்சி பெற்ற நர்சுகளே இச்சோதனையைச் செய்தனர். தக்கவர்களுக்கு அதே வேளையில் உறைகுளிர்ச் சிகிச்சையும் அளித்தனர். 2007-இல் வெளியான முடிவின்படி, இந்நோயால் ஏற்படும் மரணம் நூற்றுக்கு 35 வீதம் குறைந்திருந்தது.

அங்குச் சோதனைக்குரியவராகக் குறிக்கப்பட்டோர் 49,311 மாதர்; வந்தவர் 31,343; வெண்மை காணப்பட்டோர் 3,088. வந்தவர் தொகையை மட்டும் எழுதியிருந்தால், வராத ஏறக்குறைய 18,000 பேர் ஏட்டிலிருந்தே மறைந்திருப்பர். ஆகவே புதிய சோதனையைப் புகுத்தும் ஊழியர், முகாம் தொடங்குமுன்பே வீடுவாரியாகப் பெயர்ப் பட்டியல் எழுதுதல் வேண்டும். வராதவர் பெயருக்கு எதிரே காரணத்தை அவர் கூறிய சொற்களிலேயே குறித்தல் நலம். கூலி போய்விடும் என்பாரும், மறைவிடம் இல்லை என்பாரும், வீட்டாரைக் கேட்க வேண்டும் என்பாரும் உளர். "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதுவதால் யாதொரு பயனும் இல்லை. கூலிக்கு அஞ்சினோருக்காக முகாம் மாலைக்கு மாற்றப்பட்டால், மாற்றிய தேதியையும் அதன்பின் வந்தோர் தொகையையும் எழுதுக.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் ஜில்லாவில் (இன்று தாராசிவ்) நடந்த ஆராய்ச்சி 2009-இல் வெளியாயிற்று. அங்குப் பாப்பிலோமா வைரஸ் சோதனை ஒருமுறை செய்யப்பட்ட பிரிவில் 34 பேரும், சோதனைக்கு அழைக்கப்படாத பிரிவில் 64 பேரும் இந்நோயால் இறந்தனர். அப்பிரிவினருக்குச் சோதனை அளிக்காதது முறையோ என்ற கண்டனம் பின்னர் எழுந்தது, அது புறக்கணிக்கத்தக்கதன்று. அமிலச் சோதனை அங்கு மரணத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. கண்ணால் பார்த்து முடிவு செய்யும் முறையில் பார்ப்பவரின் பயிற்சியே பெரிதும் பொருட்படும். ஆதலின் சோதித்தவர் பெயரும் பதிவேட்டில் இருத்தல் அவசியம்.

வெண்மை கண்டும் சிகிச்சைக்குச் செல்லாதவரே நம் முதற்கவலை. சிகிச்சைத் தேதிக்குரிய கட்டம் காலியாக இருக்கும் பெயர்களை வாரந்தோறும் தனித் தாளில் எடுத்தெழுதி, அவ்வீடுகளுக்கு நேரில் செல்லுதல் வேண்டும். 2016-இன் மத்திய அரசு வழிகாட்டுதல் 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனை கூறுகிறது. அடுத்த முறை அவ்வேட்டைத் திறப்பவர் வேறோர் ஊழியராக இருக்கலாம். கையெழுத்து அவருக்கும் விளங்க வேண்டும்.