15 சதவீதத்தின் சூட்சுமம்

1995-இல் எடின்பரோவில் ஜே.கே. ரௌலிங் தன் முதல் ஹாரி பாட்டர் நாவலைத் தட்டச்சு செய்து முடித்தார். அடுத்து அவர் தேடிப் போனது பதிப்பகத்தை அல்ல, நூலகத்தை. எழுத்தாளர்களுக்கான முகவரி நூல் ஒன்று பிரிட்டனில் ஆண்டுதோறும் வெளிவரும். அதிலிருந்து சில இலக்கிய ஏஜென்ட்டுகளின் பெயர்களைப் பொறுக்கி எடுத்தார். முதல் ஏஜென்ட் பிரதியைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாமவர் லண்டனில் இருந்த கிறிஸ்டோபர் லிட்டில்.

நேராகப் பதிப்பகத்துக்கே அனுப்பியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். தமிழில் எழுத்தாளரும் பதிப்பாளரும் புத்தகக் காட்சி அரங்கில் நின்றபடியே பேசி முடித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் ஏஜென்ட் வழியாக வராத பிரதியைத் திறந்தே பார்ப்பதில்லை. ஏஜென்ட் என்பவர் எழுத்தாளரின் சார்பில் பிரதியை விற்று, ஒப்பந்தம் பேசி, வரும் பணத்தில் பங்கு எடுத்துக்கொள்பவர். உள்நாட்டு விற்பனைக்கு இன்று அந்தப் பங்கு வழக்கமாக 15 சதவீதம். இந்தத் தொழிலின் விசித்திரங்கள் பலவும் இந்த ஒரே எண்ணிலிருந்து கிளைத்தவை.

இதைத் தொடங்கிவைத்தவர் ஏ.பி. வாட் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1875 வாக்கில் நண்பரான ஜார்ஜ் மக்டொனால்டின் கதைகளை விற்றுக்கொடுக்கப் போய், அதுவே தொழிலாகிவிட்டது. அவர் எடுத்தது 10 சதவீதம். பின்னர் கிப்ளிங்கும் கோனன் டாயலும் அவரிடம் வந்தார்கள். நடுவில் ஓர் ஆள் நுழைந்து விலை பேசுவது பதிப்பாளர்களுக்குப் பிடிக்கவில்லை. வில்லியம் ஹைன்மன் போன்றவர்கள் ஏஜென்ட்டுகளை ஒட்டுண்ணிகள் என்றே ஏசினார்கள். வாட் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறார் என்று தெரிகிறது.

விற்றால்தான் பணம் என்பதால், படிப்பதற்கு ஏஜென்ட்டுக்குக் காசு கிடையாது. ‘வாசிப்புக் கட்டணம்’ என்று முன்பணம் கேட்பவரைக் கண்டால் எழுத்தாளர்கள் விலகி ஓடுவது இதனால்தான். பகலில் ஏஜென்ட்டின் நேரம் ஏற்கெனவே உள்ள எழுத்தாளர்களுக்கு உரியது. புதியவர்களைப் படிப்பது இரவிலும் ரயிலிலும். வாரத்துக்கு 100 கடிதம் வந்தால், ஒன்றுக்கு 5 நிமிடம் என்றாலே 8 மணி நேரம் தாண்டிவிடும். ஒரு முழு வேலைநாள் சம்பளமில்லாமல் போகும். பதில் வரவில்லை என்றால் மறுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள் எனச் சில ஏஜென்சிகள் முன்கூட்டியே அறிவித்துவிடுவதற்கும் காரணம் இந்தக் கணக்குதான்.

நாவலாசிரியர் அனுப்பும் அறிமுகக் கடிதமும் இந்த நெருக்கடிக்கு ஏற்ப உருவானது. ஒரு பக்கம், சுமார் 300 சொற்கள். அதற்குள் நாயகி யார், அவளுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, தவறினால் எதை இழப்பாள் என்பதெல்லாம் வந்துவிட வேண்டும். முடிவைச் சொல்லக் கூடாது. அதைச் சொல்லத் தனியே ஒரு பக்கச் சுருக்கம் உண்டு. பிறகு கதையின் வகை, மொத்தச் சொற்கள், இதைப்போல் அண்மையில் வெளிவந்த இரண்டு நூல்களின் பெயர். கடைசியில் சொன்னது பணிவுக்காக அல்ல. கடையில் எந்த அலமாரியில் வைப்பது, யாருக்கு விற்பது என்ற கேள்விகளுக்கு அது பதில். 90,000 சொற்கள் எழுதியவர்கள் இந்த 300 சொற்களில்தான் திணறிப்போகிறார்கள்.

ரௌலிங்கின் உறை லிட்டிலின் அலுவலகத்தில் மறுப்புக் கூடைக்குப் போய்ச் சேர்ந்தது. குழந்தைகள் நூலில் பணம் வராது என்பது அந்த அலுவலகத்தின் அன்றைய எண்ணம். பிரயனி எவன்ஸ் என்ற உதவியாளர் அதிலிருந்த கறுப்புக் கோப்பின் வித்தியாசமான அமைப்பைக் கண்டு கையில் எடுத்தார். புரட்டினார், பிடித்துப்போயிற்று. மீதிப் பிரதியையும் அனுப்பச் சொல்லிக் கடிதம் போனது. அதற்குப் பிறகும் 12 பதிப்பகங்கள் மறுத்தன. கடைசியில் ப்ளூம்ஸ்பரி ஏற்று, 1997-இல் 500 கெட்டி அட்டைப் பிரதிகள் அச்சிட்டது.

அமெரிக்காவின் ஸ்டெஃபனி மேயர் 15 ஏஜென்ட்டுகளுக்கு எழுதினார். 5 பேர் பதிலே போடவில்லை, 9 பேர் மறுத்தார்கள். மீதமிருந்த ஓர் ஏஜென்சியில் கடிதத்தைப் பிரித்தவர் ஓர் உதவியாளர். இளையோர் நாவலுக்கு 1,30,000 சொற்கள் மிக அதிகம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை! தெரிந்திருந்தால் ‘ட்விலைட்’ அந்த மேசையிலும் நின்றுபோயிருக்கக்கூடும். கேத்ரின் ஸ்டாக்கெட்டின் ‘த ஹெல்ப்’ 60 முறை மறுக்கப்பட்டது. 61-ஆவது ஏஜென்ட் ஏற்றுக்கொண்ட மூன்றே வாரத்தில் நாவல் விற்றுவிட்டது. இத்தனை கவனமாக இழைக்கப்பட்ட சல்லடைக்கு அதிர்ஷ்டமும் ஓர் உறுப்பு என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஏஜென்ட்டின் கைவரிசை தெரியும். மேயரின் மூன்று நூல்களுக்குப் பதிப்பகம் 3 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. ஏஜென்ட் ஜோடி ரீமர் 10 லட்சம் கேட்டார். 7.5 லட்சத்தில் பேச்சு முடிந்தது. கூடுதலாகக் கிடைத்த 4.5 லட்சத்தில் 15 சதவீதம் என்றால் 67,500 டாலர். எழுத்தாளருக்காக வாதாடுவதும் தனக்காக வாதாடுவதும் இங்கே ஒரே வேலையாகிவிடுகிறது.

பல பதிப்பகங்கள் ஒரே பிரதியை விரும்பினால் ஏலம். அதில் ஒரு நுட்பமான முறை உண்டு. ஒரு பதிப்பகம் முதலிலேயே ஒரு நல்ல தொகையை அடித்தளமாக வைத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்கள் அதற்கு மேல் கேட்டுக்கொண்டே போவார்கள். கடைசித் தொகை தெரிந்ததும், அதைவிட வழக்கமாக 10 சதவீதம் கூட்டிக் கொடுத்துப் பிரதியை எடுத்துக்கொள்ளும் உரிமை முதல் பதிப்பகத்துக்கு உண்டு. எழுத்தாளருக்கு இதனால் இந்தத் தொகைக்குக் குறையாது என்ற உறுதி கிடைக்கிறது. முதலில் துணிந்த பதிப்பகத்துக்குக் கடைசி வார்த்தை கிடைக்கிறது.

இன்னொரு வித்தை, உரிமைகளைப் பிரித்து விற்பது. தென்னந்தோப்புக்காரர் இளநீரை ஒருவருக்கும் கீற்றை ஒருவருக்கும் நாரை இன்னொருவருக்கும் கொடுப்பதுபோல, பிரிட்டன் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்படம் ஒவ்வொன்றும் தனித்தனியே விலைபோகும். ப்ளூம்ஸ்பரி ரௌலிங்குக்குக் கொடுத்த முன்பணம் சொற்பம். அதே 1997-இல் அமெரிக்க உரிமையை ஏலத்தில் ஸ்கொலாஸ்டிக் 1,05,000 டாலருக்கு எடுத்தது.

முன்பணம் கைக்கு வருவதும் ஒரே மூச்சில் அல்ல. 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்திட்டதும் கொஞ்சம், திருத்திய பிரதி கொடுத்ததும் கொஞ்சம், நூல் வெளியானதும் மீதி. தொகை முதலில் ஏஜென்ட்டிடம் போகும். அவர் 1,500 டாலரை எடுத்துக்கொண்டு 8,500-ஐ அனுப்புவார். 28 டாலர் நூலுக்கு 10 சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 2.80 டாலர். ஏறக்குறைய 3,570 பிரதிகள் விற்று முன்பணம் கழிந்த பிறகே அடுத்த காசு வரும். நடுவில் எழுத்தாளர் வேறு ஏஜென்ட்டிடம் போய்விட்டாலும், பழையவர் பேசி முடித்த ஒப்பந்தத்தின் பங்கு பொதுவாகப் பழையவருக்கே.

எழுத்தாளர் ஏஜென்ட்டைத் தேடி ஓடும் இந்த ஓட்டம் அபூர்வமாகத் திசை மாறுவதுண்டு. 1996-இல் அருந்ததி ராயின் முதல் நாவலைப் பிரதியாகப் படித்த பங்கஜ் மிஸ்ரா அதை லண்டனுக்கு அனுப்பிவைத்தார். அங்கே டேவிட் காட்வின் என்ற ஏஜென்ட் படித்தார். ராயுடன் அவருக்கு அப்போது ஒப்பந்தம் எதுவும் இல்லை. தன்னை ஏஜென்ட்டாக வைத்துக்கொள்ளும்படி கேட்பதற்காக விமானம் ஏறி டெல்லிக்கு வந்தார். ராய் ஒப்புக்கொண்டார், அடுத்த ஆண்டு ‘த காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்’ புக்கர் பரிசு பெற்றது.