தானுந்துச் சக்கரத் தாங்கியும் பந்து மூட்டும் மாற்றுதல்

சக்கரத் தாங்கி என்பது தானுந்தின் சக்கரம் குறைந்த உராய்வுடன் சுழல உதவும் உறுப்பு ஆகும். பந்து மூட்டு என்பது அச்சக்கரம் மேலும் கீழும் அசையவும் இடவலமாகத் திரும்பவும் இடமளித்து, அதே நேரம் அதை வண்டியோடு பிணைத்து வைக்கும் மூட்டு ஆகும். பணிமனைகளில் முன்னதை வீல் பேரிங் என்றும் பின்னதை பால் ஜாயிண்ட் என்றும் அழைப்பர். இரண்டும் நாளடைவில் தேய்ந்து மாற்றப்பட வேண்டியவை. போதிய கருவிகளும் பொறுமையும் உள்ளோர் இவற்றை வீட்டிலேயே மாற்றுவதுண்டு. 1983 முதல் 1992 வரை உருவாக்கப்பட்ட ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் இரண்டாம் தலைமுறைத் தானுந்து எளிய அமைப்புடையது என்பதால், இக்கட்டுரை அதனை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

அமைப்பு

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவில் உள்ள குடம், அச்சின்மீது உராய்ந்தபடியே சுழலும். அங்கே உராய்வைக் குறைப்பது வண்டி மை மட்டுமே. தானுந்தில் இவ்விடத்தில் எஃகுக் குண்டுகளோ உருளைகளோ அமைந்த தாங்கி உள்ளது. கோல்ஃபின் முன் சக்கரத்தில் உள்ள தாங்கி இரண்டு வரிசைக் குண்டுகளைக் கொண்டது. அதன் வெளிவிட்டம் 64 மி.மீ., உள்விட்டம் 34 மி.மீ., அகலம் 37 மி.மீ. இதன் வெளிவளையம் நக்கிள் எனப்படும் வார்ப்பினுள் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். உள்வளையம் இரண்டு பாதிகளாக அமைந்து, சக்கரத்தைத் தாங்கும் ஹப்பின்மீது அமர்ந்திருக்கும். இவ்விரு பாதிகளையும் நெருக்கிப் பிடித்திருப்பது இயக்கத் தண்டின் முனையில் உள்ள பெரிய நட்டு ஆகும்.

பந்து மூட்டின் அமைப்பு, பள்ளி உயிரியல் நூல்களில் காணப்படும் இடுப்பின் பந்து கிண்ண மூட்டினை ஒத்தது. ஒரு தண்டின் முனையில் உள்ள எஃகுப் பந்து, மசகு நிரம்பிய கிண்ணத்தினுள் அசையும். நீரும் தூசும் புகாதவாறு இரப்பர் உறை மூடியிருக்கும். இம்மூட்டின் ஆயுள் பெரும்பாலும் அவ்வுறையின் ஆயுளே. முற்காலத் தானுந்துகளில் இதன் பணியை கிங் பின் எனப்படும் செங்குத்துத் தண்டு செய்துவந்தது. அமெரிக்காவில் 1952-ஆம் ஆண்டின் லிங்கன் தானுந்துகள் முன்புறத்தில் பந்து மூட்டுகளுடன் வெளிவந்தன.

பழுதைக் கண்டறிதல்

தேய்ந்த தாங்கி தொடர்ச்சியான ரீங்காரத்தை எழுப்பும். வேகம் கூடக்கூட அவ்வொலியும் கூடும். வண்டி வலப்புறம் திரும்பும்போது எடை இடச் சக்கரத்தின் மீது சாயும். அப்போது ஒலி மிகுந்தால் இடத் தாங்கி பழுது எனக் கருதலாம். தேய்ந்த பந்து மூட்டோ தொடர்ந்து ஒலிப்பதில்லை. பள்ளங்களில் மெதுவாக ஏறி இறங்கும்போது 'டக்' என்று தட்டும். டயர் ஒருபுறமாகத் தேய்வதும் ஓர் அறிகுறி.

சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் இரு பழுதுகளிலும் ஆட்டம் தெரியும். இவற்றைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. வேறொருவர் பிரேக்கை மிதித்திருக்கும்போது மீண்டும் ஆட்டிப் பார்க்க வேண்டும். பிரேக், ஹப்பையும் நக்கிளையும் ஒன்றாகப் பற்றிக்கொள்வதால் இடையே உள்ள தாங்கியின் ஆட்டம் மறையும். அப்போதும் ஆட்டம் நீடித்தால் பழுது பந்து மூட்டிலோ அதைச் சார்ந்த இணைப்புகளிலோ உள்ளது.

இச்சோதனையைத் தவிர்த்து, ஒலியை மட்டும் நம்பி உதிரிப்பாகம் வாங்குவது வீண் செலவில் முடியலாம். தவறாகக் கணித்துப் பந்து மூட்டை விட்டுவிடுவது அதனினும் தீங்கானது. கோல்ஃபில் சுருள்வில் மேலே ஸ்டரட்டின் மீது அமர்ந்திருப்பதால், கீழுள்ள பந்து மூட்டு வண்டியின் எடையைச் சுமப்பதில்லை. ஆயினும் சக்கரத்தின் அடிப்பகுதியை வண்டியோடு பிணைப்பது அது ஒன்றே. ஓட்டத்தின்போது அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். திசைமாற்றியால் அதன்பின் பயனில்லை.

கழற்றுதல்

இயக்கத் தண்டின் நட்டு 200 நியூட்டன் மீட்டருக்கும் மேற்பட்ட முறுக்குவிசையில் இறுக்கப்பட்டிருக்கும். எனவே சக்கரம் தரையில் இருக்கும்போதே அதைத் தளர்த்துவது வழக்கம். பிறகு வண்டியை உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டின் மீது நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ செங்கற்களை அடுக்கியோ வண்டியின் கீழ்ப் பணிசெய்தல் கூடாது. பிரேக் காலிப்பரைக் கழற்றியதும் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் எடையை இரப்பர்க் குழாய் தாங்காது. நக்கிளை ஸ்டரட்டுடன் இணைக்கும் இரு போல்ட்டுகளின் நிலையே சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிக்கிறது என்பதால், கழற்றுமுன் அவற்றின் இடத்தைக் கோடிட்டுக் குறித்துக்கொள்வது நன்று.

கோல்ஃபில் பந்து மூட்டின் தண்டை நக்கிளின் பிளவுபட்ட துளை கவ்விப் பிடித்திருக்கும். கவ்வும் போல்ட் தண்டில் உள்ள காடியின் ஊடே செல்வதால், அதைத் தளர்த்தினால் போதாது. முழுதும் உருவ வேண்டும். வேறு பல தானுந்துகளில் தண்டு கூம்பு வடிவில் இருக்கும். கவட்டை போன்ற கருவியை அடித்து நுழைத்து அதைப் பிரிப்பதுண்டு. அக்கருவி இரப்பர் உறையைக் கிழித்துவிடும் என்பதால், மாற்றப்போகும் மூட்டுக்கு மட்டுமே அது ஏற்றது.

தாங்கியைச் செருகுதல்

வீட்டில் செய்வோர் பெரும்பாலும் தவறும் இடம் இதுவே. ஹப்பை வெளியே தள்ளும்போது பழைய தாங்கி பிளந்து, உள்வளையத்தின் ஒரு பாதி ஹப்பிலேயே தங்கிவிடும். ஆகவே ஒருமுறை கழற்றிய தாங்கியை மீண்டும் பயன்படுத்த இயலாது.

புதிய தாங்கியைச் செருகுவதற்கு விதி ஒன்றே: தள்ளும் விசை குண்டுகளின் வழியாகச் செல்லக் கூடாது. நக்கிளினுள் தாங்கியை அழுத்தும்போது வெளிவளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். பிறகு ஹப்பை அழுத்தும்போது மறுபுறம் உள்வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அங்கே நக்கிளுக்கு முட்டுக் கொடுத்தால், விசை உள்வளையத்திலிருந்து குண்டுகள் வழியாகவே வெளிவளையத்தை அடையும். குண்டுகள் ஓடும் தடத்தில் கண்ணுக்குப் புலப்படாத குழிகள் விழும். தாங்கி புதிதாகவே தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே ரீங்கரிக்கத் தொடங்கும். இவ்வகைச் சேதம் பிரினெல்லிங் எனப்படுகிறது. சுவீடியப் பொறியாளர் யோகான் ஆகஸ்ட் பிரினெல் 1900-இல் அறிமுகப்படுத்திய கடினச் சோதனையும், எஃகுக் குண்டை உலோகத்தின் மீது அழுத்திக் குழியை அளப்பதே. சுத்தியலால் அடித்துத் தாங்கி செருகுவோர் அச்சோதனையைத் தம் தாங்கியின் மீதே நடத்துகின்றனர் எனலாம்.

அழுத்தும் பொறி இல்லாதோர் நீண்ட மரையிட்ட தண்டையும் தகுந்த அளவுள்ள வளையங்களையும் கொண்டு தாங்கியை இழுத்துச் செருகுவர். முன்னதாகத் தாங்கியை உறைபெட்டியில் வைப்பதும் உண்டு. எஃகு ஒரு பாகை செல்சியசுக்கு, தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு சுருங்கும். 25 பாகையிலிருந்து −18 பாகைக்குக் குளிர்ந்தால் 64 மி.மீ. விட்டம் ஏறக்குறைய 0.033 மி.மீ. குறையும். சிறிய அளவாயினும், இறுக்கப் பொருத்தத்தில் இது கையால் உணரத்தக்க வேறுபாட்டைத் தரும். தாங்கியைச் சூடாக்குதல் கூடாது; உள்ளே உள்ள மசகும் இரப்பர் அடைப்பும் கெடும். பிற்காலத் தானுந்துகள் பலவற்றில், பிரேக் உணரிக்கான காந்த வளையம் தாங்கியின் ஒருபுறம் மட்டும் இருக்கும். அப்புறம் உணரியை நோக்கி அமையாவிட்டால் முழுப் பணியையும் மீண்டும் செய்ய நேரும்.

நக்கிளை மட்டும் வீட்டில் கழற்றி, அழுத்தும் பொறியுள்ள பணிமனையில் தாங்கியை மாற்றி வருவது பலரும் கையாளும் நடுவழி. முதன்முறை செய்வோருக்கு அதுவே தக்கது.

இறுக்குதல்

புதிய நட்டையே பயன்படுத்த வேண்டும். அது முழுதும் இறுகும் முன் வண்டியின் எடையைச் சக்கரத்தின் மீது இறக்கக் கூடாது. இரு உள்வளையப் பாதிகளும் நெருங்காத நிலையில் சுமை ஏறினால் தாங்கி சேதமடையும். ஆகவே ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, மற்றவர் பணிக்கையேடு கூறும் முறுக்குவிசைக்கு இறுக்குவர்.

அதே கோல்ஃபின் பின் சக்கரங்களில் நிலைமை நேர்மாறானது. அங்கே உள்ளவை, ஹென்றி டிம்கன் 1898-இல் காப்புரிமை பெற்ற வகையைச் சேர்ந்த கூம்புருளைத் தாங்கிகள். அவற்றை வலிந்து இறுக்கினால் சூடேறி எரிந்துவிடும். நட்டின் அடியில் உள்ள வட்டத் தகட்டைத் திருப்புளியின் முனையால் தள்ளும்போது அது சற்றே நகர்ந்தால் இறுக்கம் சரி. முன் சக்கரத்தில் பழகிய கையோடு பின் சக்கரத்தையும் இறுக்குவோர் உண்டு.

பந்து மூட்டைக் கீழ்க் கையுடன் இணைக்கும் போல்ட்டுகளையும் கவ்வும் போல்ட்டையும் முறுக்குவிசை காட்டும் ஸ்பேனரால் இறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். குறித்துவைத்த கோடுகள் எவ்வளவு துல்லியமாக இருப்பினும் சக்கரங்களின் சாய்வும் திசையும் சற்று மாறியிருக்கக்கூடும். அதனைச் சக்கர ஒழுங்கமைவுக் கருவியில் அளந்து திருத்துவது வழமை.